கர்மாவா டோபமைனா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நான் எதற்குப் பதில் சொல்கிறேன் என்று மற்றவர்களுக்குப் புரியாது. தேசிய சேவை முடித்து இப்போதுதான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்கிறார். வீட்டில் தாத்தா எதற்கெடுத்தாலும் "எல்லாம் கர்மா" என்கிறார், கூடப் படிப்பவர்கள் எதற்கெடுத்தாலும் "எல்லாம் டோபமைன்" என்கிறார்கள். மனிதன் ஏன் இப்படி இருக்கிறான் என்று தெரிந்துகொள்ள மதத்தைக் கேட்பதா அறிவியலைக் கேட்பதா, இதுதான் கேள்வி. கூடவே, தாத்தாவிடம் என்ன சொல்வது என்று சின்னதாக ஒரு துணைக்கேள்வி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் பலதுறைத் தொழிற்கல்லூரி ஒன்றில் 16 வருடமாக உளவியல் சொல்லிக்கொடுக்கிறேன். கோயிலுக்கும் போகிறவன்தான், ஆனால் உபயம் எழுதுகிற அளவுக்கு இல்லை. இரண்டு பக்கமும் கொஞ்சம் திட்டு வாங்குகிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தாத்தாவும் சகமாணவர்களும் எதிரெதிர்க் கட்சி மாதிரித் தெரிந்தாலும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். பரீட்சையில் தேறினாலும் கர்மா, தேறாவிட்டாலும் கர்மா என்றால், எது நடந்திருந்தால் அது கர்மா இல்லை என்று ஒப்புக்கொள்வார்? டோபமைனும் இப்போது அப்படித்தான் ஆகிவிட்டது. கைபேசியைக் கீழே வைக்க முடியாததற்கும் டோபமைன், காதலுக்கும் டோபமைன், தேக்கா பிரியாணிக்கும் டோபமைன். 1990களில் மூளை ஆய்வாளர் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளை வைத்துச் செய்த சோதனைகளைப் படித்தால், இந்த "இன்ப ரசாயனம்" கதையே ஆட்டம் கண்டுவிடும். பழச்சாறு எதிர்பாராமல் கிடைத்தபோது மூளையில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்கள் துள்ளின. சாறு வரப்போகிறது என்று விளக்கு சொல்லிவிடும் என்பதைக் குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, விளக்கு எரிந்ததற்குத்தான் துள்ளின, சாற்றுக்கு அசையவில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வழக்கமான அளவுக்கும் கீழே இறங்கின. அதாவது எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள இடைவெளியை அவை கணக்குப் பார்க்கின்றன. அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் இதை வைத்துக்கொண்டு ஒரு மனிதனின் குணத்தை விளக்கிவிட்டோம் என்பது, வாசல் கோலம் எப்படிப் போட்டார்கள் என்று கேட்டால் அரிசி மாவில் என்னென்ன இருக்கிறது என்று சொல்வதைப் போன்றது. சொன்னது பொய்யில்லை, கேட்டதுதான் வேறு.

சரி, என் வீட்டுக் கதை ஒன்று. எனக்குப் பதினெட்டு வயதிருக்கும்போது அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது. காலை ஐந்து மணிக்கு எழுந்து சமைத்து வைத்துவிட்டு வேலைக்குப் போகிறவர், எட்டு மணிக்கும் எழாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். முடி கொட்டியது, முகம் ஊதியது, மத்தியானப் புழுக்கத்தில் போர்வை கேட்பார். காரணமில்லாமல் அழுவார். நாங்கள் எல்லாரும் சொன்னது என்ன தெரியுமா, "அம்மா மாறிட்டாங்க, முன்ன மாதிரி இல்ல". குணமே கெட்டுவிட்டது என்று நினைத்தோம். ஒரு மருத்துவர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு மன அழுத்தம் என்று தூக்க மாத்திரை எழுதிக்கொடுத்தார். அப்புறம் சொந்தத்தில் ஒருவர் சொல்லி ஜாதகம் பார்ப்பவரிடம் போனோம். அவர் முன்வினை என்றார், போதாததற்கு யாரோ செய்வினையும் வைத்திருக்கிறார்கள் என்றார், பரிகாரத்துக்கு என்று மூன்று தவணையாக 1,800 வெள்ளி வாங்கிக்கொண்டார். நாலு மாதம் இப்படியே ஓடியது.

கடைசியில் கண்டுபிடித்தது பக்கத்து வீட்டு மக்சிக், அதாவது மலாய்க்கார அம்மா. ஓய்வுபெற்ற தாதி. நோன்புப் பெருநாள் பலகாரம் கொடுக்க வந்தவர், அம்மாவின் முகத்தையும் கழுத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ரத்தம் சோதித்தீர்களா என்று கேட்டார். பலதுறை மருந்தகத்தில் சோதித்தார்கள். தைராய்டு சுரப்பி வேலை செய்வதை ஏறக்குறைய நிறுத்தியிருந்தது. தினமும் வெறும் வயிற்றில் ஒரு சின்ன தைராக்சின் மாத்திரை. இரண்டு மாதத்தில் பழையபடி ஐந்து மணிக்குக் குக்கர் விசில் கேட்டது.

இதிலிருந்து என்னுடைய முதல் தீர்ப்பு, இதில் எனக்குத் தயக்கமே கிடையாது: ஒருவர் ஏன் இப்படி நடந்துகொள்கிறார் என்று காரணம் கேட்டால் அறிவியல்தான் முதலில் பேச வேண்டும். கழுத்தில் உள்ள ஒரு சுரப்பி குறைவாகச் சுரந்தால் ஒருவரின் சுறுசுறுப்பு, பாசம், நம்பிக்கை எல்லாம் வடிந்துபோகும் என்பது எந்த வேதத்திலும் இல்லை. இல்லாதது அந்த நூல்களின் குற்றமும் இல்லை, அவை அதற்காக எழுதப்படவில்லை. நோய்க்கும் மனநோய்க்கும் வினையைக் காரணம் காட்டுகிறவர்கள் தங்களுக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் கடை போட்டிருக்கிறார்கள்.

ஆனால் "மதம் மனிதனைப் பற்றி என்ன சொல்கிறது" என்று ஒருமையில் கேட்பதே தப்பு, அதையும் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறோமே, அடுக்குமாடி புளோக்குக்கு அடியில் நடந்து பார்த்தாலே தெரியுமே. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பௌத்தர் 31 விழுக்காடு, சமயம் இல்லை என்றவர்கள் 20, கிறிஸ்துவர் 19, முஸ்லிம்கள் ஏறக்குறைய 16, தாவோயியர் 9, இந்துக்கள் 5. இத்தனை பேருக்கும் மனித இயல்பு பற்றி ஒரே கருத்து இருக்க முடியுமா? கிறிஸ்துவத்தில் பெரும்பான்மை மரபு, மனிதன் பிறக்கும்போதே பாவத்தின் கறையோடு பிறக்கிறான் என்கிறது. இஸ்லாத்தில் குழந்தை தூய இயல்போடு பிறக்கிறது, அதற்கு ஃபித்ரா என்று பெயர். பௌத்தம் "நான்" என்று நிலையாக ஒன்று இல்லவே இல்லை என்று அடிமடியிலேயே கை வைக்கிறது. நம் சைவ சித்தாந்தத்தில் செம்பில் களிம்பு போல ஆணவம் உயிரோடு தொன்றுதொட்டே ஒட்டியிருக்கிறது. இங்கே ஒரு விஷயம் தாத்தாவுக்குச் சொல்ல வேண்டியது: அந்த மரபில் கன்மம் என்பது வெறும் தண்டனை ரசீது இல்லை. அழுக்குத் துணியில் உவர்மண்ணையும் சேர்த்து வெளுப்பதுபோல, ஆணவத்தைத் தேய்த்து எடுப்பதற்கும் கன்மமும் மாயையும் உதவுகின்றன என்பது கணக்கு. காப்பிக்கடையில் நாம் சொல்கிற கர்மாவுக்கும் இதற்கும் ரொம்ப தூரம்.

சீனர்களுக்குள்ளேயே இந்தச் சண்டை 2,300 வருடப் பழசு. கிணற்றில் விழப்போகும் குழந்தையைப் பார்த்தால் யாருக்கும் நெஞ்சு பதறும், அதனால் மனித இயல்பு நல்லது என்றார் மென்சியஸ். வளைந்த மரத்தை ஆவியில் வைத்து நிமிர்த்துவதுபோல நிமிர்த்தினால்தான் உண்டு, இயல்பு கெட்டது என்றார் ஷுன்சி. இருவருமே கன்பூசியஸ் வழி வந்தவர்கள்!

இந்த வழக்கை அறிவியல் தீர்த்துவைத்ததா என்று பார்த்தால் கதை சுவாரசியமாகிறது. 2007ல் யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை. மேட்டில் ஏறத் திணறும் ஒரு பொம்மை வடிவம், அதை மேலே தள்ளிவிடும் இன்னொன்று, கீழே தள்ளும் மூன்றாவது. இதைப் பார்த்த கைக்குழந்தைகளிடம் உதவியதையும் கெடுத்ததையும் நீட்டினார்கள். பத்து மாதக் குழந்தைகள் 16 பேரில் 14 பேர், ஆறு மாதக் குழந்தைகள் 12 பேரில் 12 பேரும், உதவிய பொம்மையை எடுத்தார்கள். மென்சியஸ் ஜெயித்தார் என்று நானும் வகுப்பில் பத்து வருடத்துக்கு மேல் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு 37 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளோடு அதே சோதனையை மீண்டும் செய்தன. முடிவு ஏறக்குறைய பாதிக்குப் பாதி. காசு சுண்டிப் போட்ட மாதிரி. அடுத்த பருவம் வகுப்பில் நின்று "போன வருடம் சொன்னதைத் திருத்திக்கொள்ளுங்கள்" என்று சொன்னேன், பின்வரிசையில் ஒரு பையன் "அப்போ எதுக்கு சார் படிக்கணும்" என்றான். நல்ல கேள்வி. நான் சொன்ன பதில், திருத்திக்கொள்ள ஒரு வழி இருப்பதால்தான் படிக்கிறோம். ஷுன்சியையும் மென்சியஸையும் 23 நூற்றாண்டாக யாரும் இப்படித் திருத்தவில்லை.

ஆனாலும் என் துறையின் சட்டையிலும் கறை உண்டு, மறைக்கப்போவதில்லை. 2015ல் நூறு உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தபோது 36 விழுக்காட்டில்தான் பழைய மாதிரி தெளிவான முடிவு வந்தது. அதற்கு முன்பே, 2010ல் வந்த ஒரு கட்டுரை, உளவியல் ஆய்வுகளில் பங்கெடுத்தவர்களில் 96 விழுக்காட்டினர் உலக மக்களில் 12 விழுக்காடு மட்டுமே வாழும் நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று காட்டியது. "மனித இயல்பு" என்று புத்தகத்தில் இருப்பதில் பாதி, அமெரிக்கக் கல்லூரி மாணவர் இயல்பு.

அதைவிடப் பெரிய கறை நம் ஊரிலேயே இருக்கிறது, உங்கள் வயதுக்காரர்களுக்குத் தெரிந்திருக்காது. 1983 தேசிய தினக் கூட்ட உரையில் பிரதமர் லீ குவான் யூ இரட்டையர் ஆய்வுகளைக் காட்டி, மனிதத் திறனில் 80 விழுக்காடு பிறவியில் வருவது, 20 விழுக்காடுதான் வளர்ப்பு என்றார். அடுத்த வருடம் திட்டம் வந்தது. பட்டதாரித் தாய் மூன்று பிள்ளை பெற்றால் பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை. படிப்புக் குறைந்த, வருமானம் குறைந்த இளந்தாய் ஒன்றிரண்டு பிள்ளையோடு கருத்தடை செய்துகொண்டால் 10,000 வெள்ளி. பட்டதாரித் தாய்மார்களே பலர் முகம் சுளித்தார்கள். பள்ளிச் சேர்க்கைச் சலுகை 1985ல் கைவிடப்பட்டது. இதில் இரட்டையர் ஆய்வு பொய் என்று நான் சொல்லவில்லை. 80 விழுக்காடு மரபு என்றால் என்ன பொருள் என்பதுதான் புரியாமல் போனது. அது ஒரு கூட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தைப் பற்றிய எண், ஓர் ஆளின் திறனைப் பங்கு போட்ட எண் இல்லை. நல்ல சாப்பாடு கிடைக்கும் ஊரில் உயர வித்தியாசத்தில் ஏறக்குறைய 80 விழுக்காடு மரபுதான். ஆனாலும் நம் தாத்தாக்களைவிட நம் பிள்ளைகள் உயரமாக இருக்கிறார்கள். இரண்டு தலைமுறையில் மரபணு மாறவில்லை, சோறு மாறியது. அப்புறம், எண் சரியாகவே இருந்தாலும் எந்தத் தாய் எத்தனை பெற வேண்டும் என்ற "வேண்டும்" அந்த எண்ணுக்குள் எங்கே இருந்தது? அது வேறு எங்கிருந்தோ வந்து, ஆய்வுக்கூட வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டது.

இப்போது திரும்பவும் என் வீட்டுக்கு. அம்மா படுத்திருந்த அந்த நாலு மாதத்தில் என் அண்ணன், அப்போது அவனுக்கு 24 வயது, யாரிடமும் சொல்லாமல் வேண்டிக்கொண்டிருக்கிறான், அம்மா எழுந்துவிட்டால் தீ மிதிப்பதாக. அம்மா மாத்திரையில் எழுந்துவிட்டார். ஐப்பசி வந்தது, அண்ணன் மஞ்சள் வேட்டியோடு வந்து நின்றான். அப்பாவுக்குக் கோபமான கோபம். அவர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர், சுயமரியாதைக்காரர். 1929ல் பெரியார் இங்கே வந்ததை நேரில் பார்த்த தன் அப்பாவிடம் கேட்டு வளர்ந்தவர், தினமும் தமிழ் முரசை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பவர், அதைத் தொடங்கிய கோ. சாரங்கபாணியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தே ஆறிப்போகும். "மாத்திரைக்கு நன்றி சொல்லு, மாரியம்மனுக்கு எதுக்குடா?" என்று கேட்டார். அண்ணன் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "மாத்திரைகிட்ட நான் ஒண்ணும் சொல்லலப்பா. அவகிட்டதான் சொன்னேன்."

பெருமாள் கோயிலிலிருந்து சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் வரைக்கும் நடந்தான். தலையில் கரகத்தோடு பூசாரி முதலில் இறங்க, பின்னால் வரிசை. தீக்குழி தாண்டினால் பால்குழி. அப்பா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். தடுப்புக் கம்பியைப் பிடித்தபடி என் பக்கத்தில் நின்றார், காலில் அண்ணனுடைய செருப்பு, தொலைந்துபோகக் கூடாது என்று தன்னுடையதைப் பையில் வைத்துவிட்டு அதை மாட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் இறங்கிய நேரத்தில் நான் அவர் கையைத் தொட்டேன். சில்லென்று வியர்த்திருந்தது. மூச்சு விடவில்லை.

கால் ஏன் வெந்துபோவதில்லை என்பதற்கு விளக்கம் இருக்கிறது. மரக்கரித் தணலும் மேலே படியும் சாம்பலும் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், ஒவ்வோர் அடியும் அரை நொடிக்குமேல் நிற்பதில்லை. சூடான கேக் அடுப்புக்குள் கையை விட்டால் சுடுவதில்லை, உள்ளே இருக்கும் தகரத்தட்டைத் தொட்டால் பொசுக்கிவிடும், இரண்டும் ஒரே சூடுதான், அதே கதை. (இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம், தயங்கி நின்றவர்களுக்கும் தடுக்கி விழுந்தவர்களுக்கும் நன்றாகவே புண்ணாகும்.) அப்பா எனக்கு இதைச் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார். அதெல்லாம் தெரிந்த மனுஷனுக்குத்தான் கை வியர்த்தது.

பல வருடம் கழித்து, 2011ல், ஸ்பெயினில் சான் பெத்ரோ மன்ரிக்கே என்ற கிராமத்தில் செய்த ஓர் ஆய்வைப் படித்தேன். அங்கேயும் ஜூன் மாதம் தீ மிதிக்கிறார்கள், முதுகில் இன்னொருவரைச் சுமந்துகொண்டு. மிதிப்பவர்கள், பார்க்க வந்த சொந்தபந்தங்கள், சும்மா வேடிக்கை பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள், மொத்தம் 38 பேருக்கு இதயத்துடிப்புமானி கட்டினார்கள். மிதிப்பவரின் துடிப்பும் உட்கார்ந்து பார்க்கும் சொந்தக்காரரின் துடிப்பும் ஒரே மாதிரி ஏறி இறங்கின. வெளியூர்க்காரருக்கு அப்படி இல்லை. அந்தக் கட்டுரையின் வரைபடத்தைப் பார்த்தபோது எனக்குக் கம்பியைப் பிடித்திருந்த கை ஞாபகம் வந்தது. அதே ஆய்வாளர்களில் ஒருவரான திமித்ரிஸ் ஸிகலாடஸ் மொரிஷியஸில் தைப்பூசக் காவடியையும் ஆராய்ந்திருக்கிறார், அங்கே எடுப்பவர்களும் நம் தமிழர்கள்தான். அவர்களுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்து, விரும்பினால் கோயிலுக்குப் போடலாம் என்றார்கள். வெறும் கூட்டு வழிபாட்டில் இருந்து வந்தவர்களைவிட, அலகு குத்திக் காவடி எடுத்தவர்கள் அதிகம் போட்டார்கள், கூடவே நடந்து வந்தவர்களும் அப்படித்தான். வலி அதிகம் என்று சொன்னவர்கள் இன்னும் அதிகம்.

பாருங்கள், இதைக் கண்டுபிடித்தது அறிவியல். ஆனால் அதைச் செய்துகொண்டிருப்பது சமயம். எனக்குத் தெரிந்தவரை இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்: அறிவியல் மனிதனை விளக்குகிறது, சமயம் மனிதனைப் பழக்குகிறது. அண்ணனுக்கு மனித இயல்பு பற்றி எந்தக் கோட்பாடும் கிடையாது. சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும், ஒரு மாதம் விரதம் இருக்க வேண்டும், பயந்தாலும் நடக்க வேண்டும் என்று உடம்புக்குத் தெரியும். சுயமரியாதைக்காரர்களும் இதை உணர்ந்திருந்தார்கள் என்றுதான் நினைக்கிறேன். தீமிதியையும் காவடியையும் சாடிய அதே சாரங்கபாணிதான் 1952ல் பொங்கலை ஒட்டித் தமிழர் திருநாளைத் தொடங்கினார். சாமியை எடுத்தாலும் திருநாளை எடுக்க முடியவில்லை. அப்பாவிடம் இதைச் சொன்னால் "அது வேற, இது வேற" என்பார்.

பழக்குவதில் சமயம் எப்போதும் ஜெயிக்கிறதா என்றால் அதுவும் இல்லை. 1973ல் பிரின்ஸ்டனில் பாதிரியார் படிப்புப் படிக்கும் 40 பேரை, பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஓர் உரை நிகழ்த்தச் சொன்னார்கள். பாதிப் பேருக்குத் தலைப்பே வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. போகும் வழியில் ஒருவர் இருமிக்கொண்டு சுருண்டு கிடந்தார், அவர் ஏற்பாடு செய்யப்பட்ட ஆள். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 விழுக்காடு நின்று உதவினார்கள். தாமதமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 விழுக்காடு. தலைப்பு சமாரியன் கதையாக இருந்தது பெரிதாக உதவவில்லை, எவ்வளவு பக்தி என்பதும் யார் நிற்பார்கள் என்று காட்டவில்லை. 40 பேர்தான், சின்ன ஆய்வு, மேலே சொன்ன சந்தேகமெல்லாம் இதற்கும் பொருந்தும். ஆனாலும் காலையில் டோபி காட் நிலையத்தில் ரயில் மாறுகிற யாருக்கும் இது முழுப்பொய்யாகத் தோன்றாது.

இதைப் படித்த பிறகு என் கூட வேலை பார்க்கும் ஒரு மலாய் நண்பரை வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். எவ்வளவு நெருக்கடியிலும் தொழுகை நேரத்துக்கு எழுந்து போவார். முன்பெல்லாம் வேலை கெடுகிறதே என்று நினைப்பேன். ஓடுகிறவனை ஒரு நாளைக்கு ஐந்து முறை நிறுத்துவதற்கு ஓர் ஏற்பாடு என்று இப்போது தோன்றுகிறது. இது என் ஊகம்தான், ஆய்வு முடிவு இல்லை. அவரிடம் சொன்னேன், சிரித்துவிட்டு, அதற்காக இல்லை, கடமை என்றார்.

சரி, தாத்தா விஷயம். அவர் வாயை மூடப் பார்க்காதீர்கள். அவர் அந்தச் சொல்லை யாரைப் பற்றிச் சொல்கிறார் என்று மட்டும் இரண்டு வாரம் கவனியுங்கள். என் அம்மா தைராய்டு சரியான பிறகும் பல நாள், நாலு மாதம் உங்களையெல்லாம் தவிக்க விட்டேனே என்று புலம்பிக்கொண்டிருந்தார். உங்கள் தப்பில்லை, சுரப்பி என்று மருத்துவர் தெளிவாகச் சொல்லியும் அது அடங்கவில்லை. அடுத்த தைப்பூசத்தில் டேங்க் ரோடு முருகன் கோயில் வரை பால்குடம் எடுத்தார். அது எதையும் குணமாக்கவில்லை, குணமான பிறகுதான் எடுத்தார். இறக்கி வைத்த பிறகு அந்தப் புலம்பல் நின்றது. தாத்தாவும் தன் வாழ்க்கையைப் பற்றி, பாட்டி போனதைப் பற்றி, கர்மா என்றால், அவர் காரணம் சொல்லவில்லை, பாரத்தை எங்கேயாவது இறக்கி வைக்கிறார். பக்கத்தில் உட்காருங்கள், டோபமைனைப் பற்றிப் பேசாதீர்கள். எதிர்வீட்டுப் பிள்ளையின் வலிப்பையோ அத்தையின் அழுகையையோ காட்டிக் கர்மா என்றால், அப்போது விடாதீர்கள், சண்டை போட்டாவது அவர்களைப் பலதுறை மருந்தகத்துக்கு அனுப்புங்கள். அம்மாவின் ரத்தப் பரிசோதனைக்கு ஆன செலவு, பரிகாரத்துக்குக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.